ஸ்தோன்: ஐநூறு பேர் ஊருக்கு எதற்கு ஐந்தரை கிலோமீட்டர் மதில்?

குரோவேஷியாவில் துப்ரோவ்னிக் நகரத்தில் இருந்து கடலோரச் சாலையில் வடமேற்கே ஒரு மணி நேரம் போனால் ஸ்தோன் என்ற சிற்றூர் வரும். அங்கே போய்வந்த ஒருவர் கேட்டிருந்தார்: "ஊரில் மொத்தமே சில தெருக்கள்தான். ஆனால் பின்னால் மலைமேல் ஏறும் கல் மதில் கண்ணுக்கெட்டிய தூரம் போகிறது. இத்தனூண்டு ஊருக்கு இவ்வளவு பெரிய மதிலை யார் கட்டினார்கள், எதற்கு? ஊரின் பூகோளம், சரித்திரம் இரண்டையும் விரிவாகச் சொல்ல முடியுமா?"

ஒரே சொல்லில் பதில் வேண்டுமென்றால், உப்பு. ஆனால் அந்த உப்பு ஏன் அந்த இடத்தில் விளைகிறது, அதற்கு ஏன் அத்தனை கிராக்கி என்று பார்க்கப் போனால் வரைபடத்தில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

வரைபடத்தில் குரோவேஷியாவின் தென்கோடிக்கு வாருங்கள். பெல்யெஷாட்ஸ் என்று ஒரு தீபகற்பம் தெரியும். சுமார் 65 கிலோமீட்டர் நீளம், அகலமோ பெரும்பாலான இடங்களில் ஐந்தாறு கிலோமீட்டர்தான். முதல் பார்வைக்குத் தீவு என்றே நினைப்பீர்கள். பக்கத்தில் இருக்கும் கோர்ச்சுலா, ம்லியெத் தீவுகளைப் போலவே இதுவும் கரைக்கு இணையாக, ஒல்லியாகப் படுத்துக் கிடக்கிறது. தீவாகாமல் அதைப் பிடித்து வைத்திருப்பது தென்கிழக்கு முனையில் இருக்கும் ஒரு பூசந்தி, அதாவது இரண்டு கடல்களுக்கு நடுவே ஒடுங்கிய நிலக் கழுத்து. அகலம் ஒரு கிலோமீட்டர் சொச்சம். அந்தக் கழுத்தின் மேல்தான் ஸ்தோன் உட்கார்ந்திருக்கிறது.

ஊர் என்று சொன்னாலும் இரண்டு ஊர்கள். கழுத்தின் தெற்குக் கரையில் இருப்பது வெலிகி ஸ்தோன், அதாவது பெரிய ஸ்தோன். வடக்குக் கரையில் மாலி ஸ்தோன், சின்ன ஸ்தோன். நடுவில் ஒரு மலை. பெரியதில் ஐநூறு சொச்சம் பேர், சின்னதில் நூறு சொச்சம் பேர். இதில் 'பெரிய' என்ற அடைமொழியை நினைத்தால் கொஞ்சம் சிரிப்பு வரும். குரோவேஷிய அரசுக் கணக்கில் ஸ்தோன் நகரமே இல்லை. சுற்றுவட்டாரக் கிராமங்களையும் சேர்த்துக்கொண்ட ஒரு ஊராட்சி. ஆனாலும் ஊருக்குள் நடந்தால் கிராமத்தில் நடப்பது போல இருக்காது. காரணம் பின்னால் வருகிறது.

கவனிக்க வேண்டியது இந்த இரண்டு கரைகளின் வித்தியாசம். தெற்குப் பக்கம் கடல் ஒரு வாய்க்கால் போல நிலத்துக்குள் நீண்டு வந்து, ஆழமில்லாத தட்டைத் தரையில் முடிகிறது. அலை கிடையாது. வெயில் காலத்தில் தண்ணீர் சூடாகும். உப்பு விளைவிக்க இதைவிட நல்ல இடம் அமையாது. வடக்குப் பக்கத்தில் மாலி ஸ்தோன் விரிகுடா. நெரெத்வா ஆறு கொண்டு வரும் நன்னீரும், சுண்ணாம்புப் பாறை வழியாகக் கடலுக்கடியில் பொங்கும் ஊற்றுகளும் அதில் கலக்கின்றன. அங்கே உப்பு கொஞ்சம் குறைவு, கடல் உயிர்களுக்குத் தீனி அதிகம். அதனால் தெற்கே உப்பு, வடக்கே சிப்பி. இரண்டுக்கும் இடையில் நடந்தே போய்விடலாம்.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆங்கில எழுத்தில் Ston என்று பார்த்ததும் கல் என்ற ஆங்கிலச் சொல் நினைவுக்கு வரும். மதிலையும் பார்த்துவிட்டால் சந்தேகமே இருக்காது. சம்பந்தமில்லை. ரோமானியர் காலத்துப் பெயர் ஸ்தாக்னும். லத்தீனில் தேங்கிக் கிடக்கும் நீர், குட்டை என்று பொருள். தெற்குக் கரையின் அந்தச் சேற்றுத் தட்டுதான் ஊருக்குப் பெயர் கொடுத்தது. உப்பு எடுப்பதும் ரோமானியர் காலத்திலேயே இருந்ததாகச் சொல்கிறார்கள்.

ரோமுக்குப் பிறகு ஸ்லாவியர்கள் வந்தார்கள். பத்தாம் நூற்றாண்டு நடுவில் பைசாந்தியப் பேரரசர் ஏழாம் கான்ஸ்டன்டைன் தன் மகனுக்காக எழுதி வைத்த ஆட்சிக் குறிப்புகளில், ஸாஹும்லியே என்ற நாட்டின் ஊர்களில் ஒன்றாக ஸ்தோன் வருகிறது. அப்போதே இங்கே ஒரு பிஷப் இருந்தார். அந்தக் காலத்து ஊர் இப்போதைய இடத்தில் இல்லை. உப்பளத்துக்கு மேற்கே புனித மிக்கேல் குன்று என்று ஒன்று இருக்கிறது, அதைச் சுற்றி இருந்தது.

குன்றின் மேல் புனித மிக்கேல் பெயரில் ஒரு சின்னத் தேவாலயம் இன்றும் நிற்கிறது. பயணிகள் பெரும்பாலும் மதிலைப் பார்த்துவிட்டு, சிப்பி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். இதைத் தவற விடுவது பெரிய நஷ்டம் என்பேன். உள்ளே பதினோராம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் கிரீடம் வைத்த ஓர் அரசன் இரண்டு கைகளிலும் ஒரு குட்டித் தேவாலயத்தை ஏந்தி நிற்கிறான். நான் கட்டியது, வாங்கிக்கொள் என்று கடவுளிடம் நீட்டுவது போல. அவன் இன்றைய மாண்டினீக்ரோ பக்கம் இருந்த தூக்லியா நாட்டு மிஹாய்லோ என்பது பலருடைய கருத்து. போப் ஏழாம் கிரகோரி 1078இல் எழுதிய கடிதத்தில் 'ஸ்லாவியரின் அரசன்' என்று விளித்தது இவனைத்தான். அத்தனை பழைய அரசன் ஒருவனின் உருவம், அதுவும் தீப்பெட்டி மாதிரி இருக்கும் ஒரு கட்டடத்தில்.

சரி, மதிலுக்கு வருவோம். கதை 1333இல் தொடங்குகிறது.

துப்ரோவ்னிக் அன்று ஒரு வியாபாரிகளின் நகரம். கப்பல் இருந்தது, பணம் இருந்தது, சாமர்த்தியம் ஏராளமாக இருந்தது. நிலம் மட்டும் கைப்பிடி அளவு. மேலே வெனிஸ் என்ற கடல் வல்லரசின் நிழல். பின்னால் மலைக்கு அந்தப்பக்கம் போஸ்னியா, செர்பியா என்று பெரிய அரசுகள். படையெடுத்து நிலம் பிடிக்கும் வசதி துப்ரோவ்னிக்குக்குக் கிடையாது. அதனால் விலைக்கு வாங்கியது.

அதில்தான் ஒரு சிக்கல். பெல்யெஷாட்ஸ் யாருக்குச் சொந்தம் என்பதிலேயே தகராறு. செர்பிய அரசன் ஸ்டெஃபான் துஷான் தனக்கு உரிமை என்றான். போஸ்னியாவின் ஆட்சியாளன் இரண்டாம் ஸ்டெபான் கொத்ரோமானிச் சுற்றியிருந்த நாட்டைக் கையில் வைத்துக்கொண்டு தனக்கு என்றான். வில்லங்கமுள்ள மனையை வாங்குகிறவர், பிற்பாடு வழக்கு வராமல் இருக்க இரண்டு பங்காளிகளுக்கும் பணம் கொடுத்து இரண்டு பேரிடமும் எழுதி வாங்கிக்கொள்வது உண்டல்லவா? துப்ரோவ்னிக் செய்தது அதுதான். இருவருக்கும் பணம் கொடுத்தது, ஆண்டுதோறும் கப்பமும் கட்ட ஒப்புக்கொண்டது. செர்பியாவுக்கான கப்பம் வருஷத்துக்கு 500 பெர்பெர். அது அந்தக் காலத்து வெள்ளிக் காசுக் கணக்கு. கப்பத்துக்கே 'ஸ்தோன் வருமானம்' என்று ஒரு பெயர் நிலைத்துவிட்டது.

பணம் கொடுத்த கையோடு துப்ரோவ்னிக் வேலையில் இறங்கியது. தீபகற்பத்தைப் பங்கு போட்டுத் தன் குடிமக்களுக்குக் கொடுத்தது. கத்தோலிக்கர்களான பிரான்சிஸ்கன் துறவிகளைக் கொண்டுவந்து குடியேற்றி, அதுவரை அங்கே வேர் விட்டிருந்த கிழக்குச் சபை (ஆர்த்தடாக்ஸ்), போஸ்னியச் சபை என்ற வேறு கிறிஸ்தவப் பிரிவுகளின் ஆட்களை ஓரங்கட்டியது. நிலத்தை வாங்கினால் போதாது, அதில் இருப்பவர்களும் நம்மவர்களாக வேண்டும் என்ற கணக்கு. இந்தப் பகுதியைக் கொஞ்சம் மெழுகிப் பூசியே சுற்றுலாப் புத்தகங்கள் சொல்லும். நிலத்தில் ஏற்கெனவே உழுதுகொண்டிருந்த குடியானவர்களுக்கு ஒரே நாளில் புது முதலாளிகள் வந்தார்கள் என்பதுதான் உண்மை.

மலையின் இரண்டு பக்கமும் இரண்டு புது ஊர்களைத் திட்டம் போட்டுக் கட்டினார்கள். ஒன்றுக்கொன்று நேராக வெட்டும் தெருக்கள், அளந்து வைத்த மனைகள், சதுரம் சதுரமாக வீட்டு வரிசைகள். காகிதத்தில் கோடு போட்டுவிட்டுக் கட்டிய ஊர் இது. கிராமத்தில் நடப்பது போல இருக்காது என்று முன்னால் சொன்னேனே, அதற்குக் காரணம் இதுதான். ஒரு தெருமுனையில் நின்றால் மறுமுனை நேராகத் தெரியும். அந்த முனைக்கு மேல் மதில் தெரியும்.

மதில் வேலை 1334இல் தொடங்கியது. கழுத்துக்குக் குறுக்கே, மலையில் ஏறி அந்தப்பக்கம் இறங்கி, ஒரு கடலில் இருந்து இன்னொரு கடல் வரை. இரண்டு ஊர்களையும் தனித்தனியாகச் சுற்றி வளைக்கும் மதில்களையும் சேர்த்தால் மொத்தம் 7 கிலோமீட்டர் என்று கணக்கு. இன்று மிச்சம் இருப்பது சுமார் 5.5 கிலோமீட்டர். கட்டியபோது சுமார் 40 காவல் கோபுரங்கள், ஐந்து கோட்டைகள். வெலிகி ஸ்தோனில் உப்பளத்தைப் பார்த்தபடி பெரிய காஷ்தியோ, மாலி ஸ்தோனில் துறைமுகத்துக்கு மேல் கொரூனா, மலைமேல் பொஸ்விஸ்த் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. கட்டிமுடிக்க ஒரு தலைமுறை போதவில்லை. பெரும்பகுதி பதினான்காம் நூற்றாண்டிலேயே எழுந்துவிட்டாலும், சேர்ப்பதும் திருத்துவதுமாகப் பதினாறாம் நூற்றாண்டு வரை வேலை நடந்தது. துப்ரோவ்னிக்கில் ஸ்பொன்ஸா மாளிகையை வடிவமைத்த பாஸ்கோயே மிலிசெவிச் போன்ற பெரிய கைகள் எல்லாம் இங்கே வேலை செய்திருக்கின்றன. மாலி ஸ்தோன் துறைமுகம் துப்ரோவ்னிக்கின் பழைய துறைமுகத்தைச் சிறிதாக்கியது போல இருப்பது தற்செயல் இல்லை.

'ஐரோப்பாவின் சீனப் பெருஞ்சுவர்' என்று விளம்பரங்களில் போடுகிறார்கள். இந்த ஒப்பீடு எனக்கு ஒட்டவில்லை. சீனச் சுவர் ஒரு பேரரசின் எல்லை. இது ஒரு வியாபார நிறுவனம் தன் கிடங்குக்குப் போட்ட காம்பவுண்டுச் சுவர். தீபகற்பம் முழுவதற்கும் வாசல் இந்த ஒரு இடம்தான். இங்கே கதவைப் போட்டுவிட்டால் 65 கிலோமீட்டர் நிலம் பத்திரம். உள்ளே யார் வருகிறார்கள், வெளியே என்ன போகிறது என்று இங்கே நின்றே பார்த்துவிடலாம். கொள்ளைநோய்க் காலங்களில் ஆள் வரவைத் தடுப்பதற்கும் இப்படி ஒரு வாசல் எவ்வளவு தோது என்று சொல்ல வேண்டியதில்லை. நோய் பரவிய ஊர்களில் இருந்து வருகிறவர்கள் 30 நாள் ஒதுங்கி இருந்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று 1377இலேயே சட்டம் போட்ட ஊர் துப்ரோவ்னிக்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மதிலுக்கு உள்ளே உப்பளம் இருந்தது.

இன்று கடையில் மலிவாகக் கிடைக்கும் சாமான்களில் ஒன்று உப்பு. அதனால் அந்தக் காலத்து உப்பின் மதிப்பை நாம் மனதுக்குள் கொண்டுவருவது கஷ்டம். போஸ்னியா, செர்பியா மலைநாடுகளில் கால்நடைதான் செல்வம். இறைச்சியைப் பதப்படுத்த உப்பு, பாலாடைக்கட்டிக்கு உப்பு, தோலுக்கு உப்பு, மாட்டுக்கும் உப்பு. மலைக்கு அந்தப்பக்கம் கடல் கிடையாது. அதனால் வெள்ளி, ஈயம், தேன்மெழுகு, தோல் என்று ஏற்றிக்கொண்டு பொதிக்குதிரைகள் கடற்கரைக்கு இறங்கும். திரும்பும்போது உப்பு ஏற்றிப் போகும். இந்தக் கரையில் உப்பு விற்கும் இடங்கள் நான்குதான் என்பது பழைய வழக்கம்: துப்ரோவ்னிக், நெரெத்வா ஆற்றங்கரையில் திரியெவா, கோத்தோர், பொயானா ஆற்றங்கரையில் புனித செர்ஜியுஸ். இந்த வழக்கத்தை மற்ற யாரையும்விட விடாப்பிடியாகக் காப்பாற்றியது துப்ரோவ்னிக். தங்கள் கடைக்குப் பக்கத்தில் இன்னொரு கடை வரக்கூடாது, அவ்வளவுதான். பிறகு ஆட்டமன் துருக்கியர்கள் வந்தபோது அவர்களோடும் உப்பு வருமானத்தில் பங்கு பேசி, வியாபாரத்தை நிறுத்தாமல் நடத்தினார்கள். ஸ்தோன் உப்பளத்தால் துப்ரோவ்னிக் குடியரசுக்கு ஆண்டுக்கு 15,900 டுகாட் வந்தது என்று ஒரு கணக்கு உண்டு. டுகாட் என்பது தங்கக் காசு. இப்போது அந்த மதிலைப் பார்த்தால் செலவு அதிகம் என்று தோன்றாது.

உப்பளம் இன்றும் வேலை செய்கிறது. ஐரோப்பாவில் இன்றும் இயங்கும் உப்பளங்களிலேயே மிகப் பழையது என்று சொல்லிக்கொள்கிறார்கள். இந்த மாதிரிப் பட்டங்களை நான் பாதி எடைக்குத்தான் எடுத்துக்கொள்வேன். ஆனால் முறை பழைய முறைதான் என்பதில் சந்தேகமில்லை. மொத்தம் 58 பாத்திகள். கடல் நீரை மதகு வழியாக முதலில் பெரிய பாத்திகளுக்குள் விடுகிறார்கள். ஏத்ரியாட்டிக் கடல் நீரில் உப்பு நூற்றுக்கு நாலு பங்கு கூட இருக்காது. வெயிலும் காற்றும் தண்ணீரைக் குடிக்கக் குடிக்க நீர் கெட்டிப்படும். கெட்டிப்பட்டதை அடுத்த பாத்திக்கு, அங்கே இருந்து அடுத்ததற்கு என்று நகர்த்திக்கொண்டே போவார்கள். வழியிலேயே ஜிப்சம் அடியில் படிந்துவிடும். கடைசிப் பாத்திகளுக்கு வரும்போது நீரில் உப்பு நூற்றுக்கு 26 பங்கு அளவுக்கு ஏறியிருக்கும். அதற்கு மேல் தண்ணீரால் தாங்க முடியாது, உப்பு பூக்கும். அதிலும் கடைசிச் சொட்டு வரை காய விடக்கூடாது. மிஞ்சும் கசப்பு நீரில் மெக்னீசியம் உப்புகள் இருக்கும். அதை வடித்துவிட்டு வாருவதில்தான் கைப்பக்குவம்.

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை இந்த வேலை. மலைகளில் இருந்து இறங்கும் பூரா என்ற வாடைக்காற்று வறண்டது, உப்புக்கு நல்லது. தெற்கே இருந்து வரும் யூகோ ஈரத்தையும் மழையையும் கொண்டுவரும். அறுவடை சமயத்தில் ஒரு நல்ல மழை பெய்தால் பல வார உழைப்பு கரைந்து கடலுக்கே திரும்பிப் போய்விடும். குடியரசுக் காலத்தில் சுற்றுக் கிராமத்துக் குடியானவர்கள் கட்டாயமாக வந்து உப்பு வார வேண்டும். இன்று கோடைக்காலத்தில் தன்னார்வத் தொண்டர்கள் சோறும் படுக்கையும் வாங்கிக்கொண்டு விரும்பி வந்து வாருகிறார்கள். அன்று அந்த வெயிலில் பிடித்து வைத்து வேலை வாங்கப்பட்டவர்கள் இதைக் கேட்டால் என்ன சொல்வார்களோ!

உப்பு பூக்கும் பாத்திகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பிரான்சிஸ், நிக்கோலா, பால்தசார், அந்தோனி, யோசேப்பு, யோவான், பேதுரு, பவுல் என்று எல்லாம் புனிதர்கள். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் புனிதர் பெயர் இல்லை. அதன் பெயர் 'முந்தோ', உலகம். அந்தப் பாத்தி உப்பு விற்பனைக்கு இல்லை, ஏழைபாழைகளுக்கு என்று சொல்வார்கள். எட்டுப் பாத்தி கஜானாவுக்கு, ஒரு பாத்தி ஊருக்கு.

அதன்பின் நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லலாம். நெப்போலியனின் தளபதி மார்மோன் 1808இல் துப்ரோவ்னிக் குடியரசைக் கலைத்தார். சில ஆண்டுகளில் எல்லாம் ஆஸ்திரியாவின் கைக்குப் போனது. காவல் காக்கும் குடியரசே இல்லாதபோது மதில் வெறும் கல் குவியல்தானே? ஆஸ்திரிய ஆட்சியில் மதிலைப் பெயர்த்துப் பள்ளிக்கூடமும் அரசுக் கட்டடங்களும் கட்டினார்கள். 7 கிலோமீட்டர் 5.5 ஆனதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. பிஷப் பீடமும் 1828இல் போயிற்று. 1918க்குப் பிறகு யூகோஸ்லாவியா. 1991இல் யூகோஸ்லாவிய ராணுவம் துப்ரோவ்னிக்கைச் சுற்றி வளைத்தபோது சண்டைக்களம் ஸ்தோனின் வாசலுக்கே வந்து நின்றது. கழுத்து மட்டும் கைமாறவில்லை. பழைய கணக்கு மறுபடி: இந்த ஒரு கிலோமீட்டரைப் பிடித்து வைத்திருந்தவர்களுக்குத் தீபகற்பம் முழுதும் தப்பியது.

போர் முடிந்து மூச்சு விடுவதற்குள் 1996 செப்டம்பர் 5 அன்று பூகம்பம். ரிக்டர் அளவில் சுமார் 6. ஸ்தோனும் பக்கத்து ஊரான ஸ்லானோவும் கடுமையாக அடிபட்டன. திட்டம் போட்டுக் கட்டிய அந்த நேர்த்தெருக்களில் வீடுகள் பிளந்தன, மக்கள் குடிபெயர வேண்டியதாயிற்று, சீரமைப்பு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. இன்றைக்கும் சில மூலைகளில் கூரையில்லாத வீடுகள் கண்ணில் படும். அவை பழமை அல்ல, பூகம்பத்தின் மிச்சம். துப்ரோவ்னிக் மதில்களைப் பார்த்துக்கொள்ளும் சங்கம்தான் ஸ்தோன் மதிலையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி நிறுத்தியது. அதனால்தான் இரண்டு ஊர்களுக்கும் இடையே மதில்மேலேயே நடந்து போக முடிகிறது.

இனி பூகோளம் மறுபடி கதைக்குள் வரும் இடம். கேள்வி கேட்டவர் வழியில் எங்கேயாவது பாஸ்போர்ட்டை நீட்ட வேண்டி வந்ததா என்று சொல்லவில்லை. 2022 ஜூலைக்கு முன்னால் வடக்கே ஸ்பிளிட் நகரத்துப் பக்கம் இருந்து தரைவழியாக வந்திருந்தால் நிச்சயம் நீட்டியிருப்பார். ஏனென்றால் துப்ரோவ்னிக்கும் ஸ்தோனும் இருக்கும் பகுதி மற்ற குரோவேஷியாவோடு தரைவழியில் ஒட்டவில்லை. நடுவில் நெயும் என்ற ஊரைச் சுற்றி சுமார் 20 கிலோமீட்டர் கடற்கரை போஸ்னியாவுக்குச் சொந்தம். போஸ்னியாவுக்குக் கடல் என்று இருப்பது அது மட்டும்தான்.

இதற்கும் காரணம் அதே துப்ரோவ்னிக்கின் தந்திரம். பதினேழாம் நூற்றாண்டு முடியும்போது ஆட்டமன்களோடு நடந்த போரில் ஜெயித்துக்கொண்டு வெனிஸ் கரையோரமாக நெருங்கி வந்தது. வெனிஸ் பக்கத்து வீட்டுக்காரனாக வந்தால் என்ன ஆகும் என்று துப்ரோவ்னிக்குக்குத் தெரியும். அதனால் 1699 கார்லோவித்ஸ் உடன்படிக்கையில் தனக்கு வடக்கே நெயும் பக்கம் ஒரு துண்டு, தெற்கே சுதோரினா பக்கம் ஒரு துண்டு என்று இரண்டு கடற்கரைத் துண்டுகள் சுல்தான் வசம் இருக்கும்படி பார்த்துக்கொண்டது. வெனிஸ் வர வேண்டுமென்றால் சுல்தானின் நிலத்தை மிதித்துத்தான் வர வேண்டும். மதில் கட்டக் காசில்லாத இடத்தில் ஒரு பேரரசையே மதிலாக நிறுத்திவிட்டார்கள். வெனிஸ் போயிற்று, சுல்தானும் போனார். நெயும் துண்டு போஸ்னியாவோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. யூகோஸ்லாவியா இருந்தவரை அது உள்நாட்டுக் கோடு. 1991க்குப் பிறகு சர்வதேச எல்லை. ஒரே நாட்டின் இரண்டு பகுதிகளுக்கு நடுவே இரண்டு சோதனைச் சாவடிகள், கோடையில் நீண்ட வரிசைகள். சாவடி வேண்டாம் என்றால் வடக்கே ப்ளோச்சே துறைமுகத்தில் இருந்து பெல்யெஷாட்ஸுக்குப் படகு.

தீர்வாக வந்ததுதான் பெல்யெஷாட்ஸ் பாலம். 2007இல் தொடங்கிய வேலை பணமில்லாமல் நின்று, பின்னர் ஐரோப்பிய ஒன்றியம் 35.7 கோடி யூரோ கொடுக்க, சீன நிறுவனம் ஒன்று கட்ட, 2022 ஜூலை 26 அன்று திறந்தார்கள். நீளம் 2,404 மீட்டர். நெயுமுக்குக் கப்பல் போக வழி வேண்டும் என்று போஸ்னியா எழுப்பிய ஆட்சேபத்துக்காக, நீர்மட்டத்தில் இருந்து 55 மீட்டர் உயரம் விட்டிருக்கிறார்கள். கரையில் கொமார்னாவில் ஏறினால் தீபகற்பத்தில் பிரியெஸ்தா பக்கம் இறங்கும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பாலத்தில் ஏறி பெல்யெஷாட்ஸுக்குள் வந்தவர் துப்ரோவ்னிக் போக வேண்டுமென்றால் தீபகற்பத்தை விட்டு எப்படி வெளியே வருவார்? ஸ்தோன் வழியாகத்தான். அறுநூறு எழுநூறு வருஷம் ஊருக்குக் காவல்காரனாக இருந்த அதே கழுத்து, இப்போது நாட்டின் இரண்டு பகுதிகளுக்கு இடையிலான சாலையின் கழுத்தாகிவிட்டது. முதல் கோடையில் எல்லா வண்டிகளும் ஸ்தோனைத் தொட்டுக்கொண்டு போயின. 2023இல் ஊரைச் சுற்றிப் போகும் புறவழிச்சாலை திறந்த பிறகுதான் உப்பளத்துப் பக்கம் மறுபடி அமைதி வந்தது.

மாலி ஸ்தோனைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் அந்த ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். அவர்களுக்கு உப்பு இரண்டாம் பட்சம், சிப்பிதான் எல்லாம். அங்கே விளைவது ஐரோப்பியத் தட்டைச் சிப்பி. உலகச் சந்தையை நிறைத்திருக்கும் பசிபிக் சிப்பி வேறு இனம். ஐரோப்பாவின் பல கரைகளில் இந்தத் தட்டைச் சிப்பி நோயாலும் அளவுக்கு மீறி எடுத்ததாலும் அருகிப்போன நிலையில், இந்த விரிகுடாவில் இன்னும் விளைகிறது. உள்ளூரில் 'கமெனித்ஸா' என்பார்கள்; கல் என்று பொருள்படும் 'கமென்' என்ற சொல்லில் இருந்து வந்தது. பாருங்கள், ஊர்ப்பெயரில் இல்லாத கல் சிப்பியின் பெயரில் இருக்கிறது. குஞ்சுச் சிப்பிகளைப் பிடித்து, கொஞ்சம் வளர்ந்ததும் இரண்டிரண்டாகக் கயிற்றில் சிமெண்ட் வைத்து ஒட்டிக் கடலுக்குள் தொங்க விடுகிறார்கள். ஆமாம், வீடு கட்டும் அதே சிமெண்ட். தட்டுக்கு வர இரண்டு மூன்று வருஷம் ஆகும். அதுவரை ஒராதா என்ற மீனிடம் இருந்து காப்பாற்ற வேண்டும். ஓட்டையே கடித்து நொறுக்கித் தின்றுவிடும் மீன் அது. 2020 முதல் இந்தச் சிப்பிக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு உண்டு.

எப்போது போகலாம் என்று அடுத்துக் கேட்பீர்கள். சிப்பிதான் நோக்கம் என்றால் மார்ச். புனித யோசேப்பு திருநாளான 19ஆம் தேதியை ஒட்டிச் சிப்பி நன்றாகக் கொழுத்திருக்கும், ஊரில் விழாவும் நடக்கும். உப்பு வாருவதைப் பார்க்க வேண்டுமென்றால் கோடையின் பிற்பகுதி. மதில் நடைக்கு இந்த இரண்டும் தவிர்த்து மே அல்லது அக்டோபர். ஜூலை வெயிலில் அந்தப் படிகளில் ஏறுவது தண்டனை, வழியில் நிழலே கிடையாது. வெலிகி ஸ்தோனில் ஏறி மாலி ஸ்தோனில் இறங்குங்கள். நடுவழியில் முகட்டை அடைந்ததும் நின்று திரும்பிப் பாருங்கள்: பின்னால் பாத்தி பாத்தியாகத் தகடு போல மின்னும் உப்பளம், முன்னால் சிப்பிக் கயிறு தொங்கும் மிதவைகள் வரிசை வரிசையாக. வாங்கும்போது துப்ரோவ்னிக் எதைப் பார்த்து ஆசைப்பட்டது என்று சொல்லாமலே புரியும்.

இறங்கிய பிறகு உணவகத்தில் ஸ்தோன் கேக் இருக்கிறதா என்று கேளுங்கள். குழாய் குழாயாக இருக்கும் மக்ரோனியை வேகவைத்து, வால்நட், பாதாம், சாக்லேட், சர்க்கரை, லவங்கப்பட்டை, முட்டை, வெண்ணெய் எல்லாம் அடுக்கடுக்காகப் போட்டு, மாவு உறைக்குள் வைத்துச் சுடுகிறார்கள். மக்ரோனியில் கேக்கா என்று முகம் சுளிக்காதீர்கள். வெட்டினால் ஒவ்வொரு துண்டிலும் குழாய்கள் வட்டவட்டமாகத் தேன்கூடு மாதிரி தெரியும். முதல் வாய் விநோதமாக இருக்கும். இரண்டாவது துண்டுக்குக் காசு கொடுப்பீர்கள்.